லயக் காம்பராவில் வாழ்ந்த எழுத்தாளருக்கு ஒரு நினைவில்லம்: முடியுமா, எப்படி?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுடைய தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கிருந்தே எழுதிய பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் இருந்த பழைய லயத்தை, அதாவது தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை, உடைத்துத் தனி வீடுகள் கட்டப் போகிறார்கள். அவருடைய ஒரு காம்பராவை (அறையை) மட்டும் நூதனசாலையாக வைத்துக்கொள்ள முடியுமா? இடம் தோட்டத்துக்குச் சொந்தமென்றால் யாரிடம் கேட்பது? பெரியவர் பாவித்த பொருள் என்று அதிகம் மிஞ்சவில்லை, எதைக் காட்சிக்கு வைப்பது? "லயம் நம்மை அடிமையா வச்சிருந்த இடம், அதைப் போய் ஏன் காப்பாத்தணும்?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும்போது என்ன பதில் சொல்வது?

தங்கச்சி, முடியும். ஆனால் நீங்கள் சுவரிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் கடதாசியிலிருந்து தொடங்கச் சொல்வேன். முதலில் அவர் எழுதியவை, அடுத்தது அவரோடு வாழ்ந்தவர்களின் வாய்மொழி, அதற்குப் பிறகுதான் கட்டடம். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்குப் பதில் தெரியாமல் மற்றவற்றைச் செய்வதில் பலனில்லை.

அந்தப் பிள்ளைகள் கேட்பது நியாயம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படித்தால் காதில் விழும் தூரத்தில் ஆட்களை அடைத்து வைப்பதற்காகவே லயம் கட்டப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று நாம் சொல்லிப் பழகிய அந்த அறைக்குள் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், அடுப்பு, விறகு எல்லாம். நினைவில்லம் வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பத்தை இன்னும் ஒரு மழைக்காலம் அங்கே இருக்கச் சொல்ல உங்களுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. லயத்தில் ஒருவர் இறந்தால் காம்பரா காலியாகிவிடுவதில்லை. அங்கே இப்போது யாரோ இருக்கிறார்கள். அவர்களுக்குப் புது வீடும் அதற்கான காணி உறுதியும் கையில் கிடைத்த பிறகே அந்தக் கதவில் பெயர்ப்பலகை ஏற வேண்டும். இதை உங்கள் குழுவின் முதல் தீர்மானமாக எழுதி வைத்துவிடுங்கள். பிள்ளைகளின் கோபத்தில் பாதி அங்கேயே தணிந்துவிடும்.

மற்றப் பாதிக்கு நீங்கள் அவர்களிடம் இன்னொன்றைக் கேட்க வேண்டும். தோட்டத்தில் எவை எல்லாம் காப்பாற்றப்பட்டிருக்கின்றன என்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். துரை (தோட்ட நிருவாகி) பங்களாக்கள் பல இன்று சுற்றுலா விடுதிகள். அங்கே தரைப்பலகை மெழுகப்பட்டிருக்கிறது, கணப்பு எரிகிறது, பழைய துரைமாரின் படம் சுவரில் இருக்கிறது. கந்தப்பொளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை அப்படியே ஹோட்டலாகியிருக்கிறது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை நூதனசாலை. இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள், நல்ல வேலைதான். லயம் மட்டும் ஒன்றும் விடாமல் உடைந்துபோனால், இன்னும் ஐம்பது வருசத்தில் வரும் பிள்ளை மலையகத்தில் என்னத்தைப் பார்க்கும்? பங்களாவையும் தொழிற்சாலையையும் பார்க்கும். கொழுந்து பறித்தவர்கள் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள், எங்கே பிள்ளை பெற்றார்கள் என்று காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே எல்லா லயமும் போகட்டும், ஒரு காம்பரா நிற்கட்டும் என்பதே என் நிலைப்பாடு. அந்த ஒரு காம்பரா ஓர் எழுத்தாளரின் காம்பராவாக இருப்பது பெரிய கொடுப்பினை. அங்கே வாழ்ந்தவர்களின் சார்பில் பேசுவதற்கு அவருடைய எழுத்து கூடவே இருக்கும்.

இது புதுமையான யோசனை இல்லை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்றைத் தொடங்கியது. பழைய லயத்தையே நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். உங்கள் குழுவில் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு முதலில் அங்கே போய் வாருங்கள். குறிப்பாக எதிர்த்துப் பேசும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். தப்பும், துண்டும், கம்பளியும் ஒரு நூதனசாலையின் அலுமாரிக்குள் மரியாதையோடு இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் அவர்கள் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இனிச் சொந்தம் பற்றி. மலையக எழுத்தாளர்களின் வீடுகளைக் காப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் வட்டகொடை மடகும்புர தோட்டத்தில் பிறந்தவர். 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நாடாளுமன்றம் போனவர். அடுத்த வருடமே வந்த 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை அங்கே அனுப்பிய மக்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டம் தோட்டமாகப் போய் மக்கள் பாடிய பாட்டுகளைத் தொகுத்தவரும் அவரே. அவருடைய நாவலொன்றின் பெயர் 'வீடற்றவன்'. நாற்பது வருசம் உழைத்தாலும் தோட்டத்தில் எவருக்கும் தாம் படுத்த அறை சொந்தமில்லை. வேலையை விட்டால் காம்பராவை விட வேண்டும். வீடு என்று சொந்தமாக ஒன்று இல்லாத சமூகத்தில் எழுத்தாளர் வீட்டைத் தேடினால் அகப்படுவது தோட்டத்துக் கணக்கில் உள்ள ஓர் இலக்கம் மட்டுமே.

கோ. நடேசய்யரின் வாழ்க்கையும் இப்படிப்பட்டதே. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் எழுதினார், 1930களில் ஹட்டனைத் தலைமையிடமாக்கித் தொழிற்சங்கம் கட்டினார். துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். அந்தப் பாட்டுகள் சிறு பிரசுரமாக அச்சாகி இன்று ஆய்வாளர் கைகளில் இருக்கின்றன. அவர்கள் இருந்த இடங்களோ கைமாறிக்கொண்டே போன வாடகை இடங்கள். மீனாட்சியம்மாளுக்கு ஹட்டனில் ஒரு நினைவிடம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கேட்ட கேள்விக்குப் புறம்பானது என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாடகை வீடு என்பதால் மனம் தளர வேண்டாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அங்கே ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு இன்று நூதனசாலை. சென்னை திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்த வீடும் அவருக்குச் சொந்தமில்லை. தமிழ்நாட்டு அரசு அதை 1993இல் பாரதியார் இல்லமாக்கியது. இங்கிலாந்தில் கிராஸ்மியர் என்ற மலையூரில் கவிஞர் வேர்ட்ஸ்வர்த் 1799இலிருந்து எட்டு வருசத்துக்கு மேல் இருந்த சிறிய வீடும் வாடகைதான். ஒரு காலத்தில் சாராயக்கடையாக இருந்த கட்டடம் அது. 1890இல் அன்பர்கள் பணம் சேர்த்து வாங்கினார்கள், அடுத்த வருடம் திறந்தார்கள்.

அந்த வீட்டில் நம் ஆட்களுக்கு உடனே விளங்கக்கூடிய ஒன்று உண்டு. மேல்மாடியில் ஒரு சிறு அறை, குளிர் தாங்காது. கவிஞரின் தங்கை டொரதி அதன் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டினார். இன்றும் அந்த அறையைச் செய்தித்தாள் ஒட்டிய சுவரோடுதான் காட்டுகிறார்கள். லயச் சுவரில் வீரகேசரியும் தினகரனும் ஒட்டி, அதை வாசித்தே எழுத்துப் பழகிய பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! உங்கள் பெரியவரின் காம்பராச் சுவரில் அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் யாரும் அதைச் சுரண்ட விடாதீர்கள். அவர் வாசித்ததும் அதில் இருக்கலாம், அவர் எழுதி அச்சில் வந்ததும் இருக்கலாம்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதினால் தானாகவே பாதுகாப்புக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழங்காலக் கட்டடம் என்பதற்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள் அது. கம்பளை சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதே 1820களில். அதாவது நம் ஆட்களின் இருநூறு வருசச் சரித்திரம் முழுவதும் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் விழுகிறது. நாம் கட்டிய எதுவும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தானாகப் 'பழையது' ஆகாது. பிந்திய காலக் கட்டடத்தையும் அமைச்சர் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்க வழி உண்டு. கேட்டு எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நிலத்துக்கு வருவோம். 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. கம்பனிக்கு இருப்பது குத்தகை, மண் அரசின் தோட்ட அமைப்புகளுடையது. ஆகையால் துரை வாயால் "சரி, வச்சுக்கங்க" என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துரை மாறிப் போவார். கம்பனியின் தலைமை அலுவலகத்திடமும், தோட்டம் எந்த அரச அமைப்பின் கீழ் வருகிறதோ அவர்களிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். காம்பரா, அதன் முன்னால் உள்ள இஸ்தோப்பு (விறாந்தை), வாசல், பின்பக்கத்துக் கான் (வடிகால்), வரும் பாதை இவ்வளவையும் அளந்து வரைபடமாக இணையுங்கள். பாதையை எழுதாமல் விட்டால் நாளைக்கு உங்கள் நூதனசாலைக்குப் போக வழி இருக்காது.

பிரதேச சபையையும் விடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தால் தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்க நெடுங்காலம் தடை இருந்தது. எங்கள் ஆட்கள் வாக்குப் போட்டுச் சபைக்கு ஆள் அனுப்புவார்கள், சபையின் பணம் தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று தோட்டத்துக்குள் ஒரு பொது நூலகத்துக்கோ நினைவில்லத்துக்கோ சபையின் நிதியைக் கேட்பதில் தவறில்லை. சபைக்கு எழுதும்போது 'நினைவில்லமும் வாசிகசாலையும்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். வாசிகசாலை என்றால் உறுப்பினர் எவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். உங்கள் பிள்ளைகளுக்கும் உண்மையில் அது வேண்டும்.

இனிக் கடதாசி. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நம் எழுத்தாளர்களின் தாள்கள் எப்படியெல்லாம் போயின என்று நினைத்துப் பாருங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் மூன்று இலட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் பேசி முடித்தார்கள். அதன்படி ஆயிரமாயிரம் குடும்பங்கள் தகரப் பெட்டியோடு தலைமன்னார்க் கப்பல் ஏறின. கொப்பிகளும் கடிதங்களும் அவர்களோடு போயின, இல்லாவிட்டால் அடுப்புக்குப் போயின. 1977, 1981, 1983 வன்செயல்களில் எரிந்தவை வேறு. எஞ்சியதை மழையும் கறையானும் பார்த்துக்கொண்டன. ஆகவே பெரியவரின் சொந்தக்காரர் யாராவது தமிழ்நாட்டு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போயிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவர் அங்கே எழுதிய கடிதங்கள் அவர்களிடம் பத்திரமாக இருக்கலாம். இங்கே இருப்பது அவருக்கு வந்த கடிதம், அங்கே இருப்பது அவர் எழுதிய கடிதம். இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சு முழுசாகும்.

கையில் கிடைத்த தாள்களை லெமினேட் பண்ணவே கூடாது. நல்லெண்ணத்தோடு செய்வார்கள், தாள் உள்ளுக்குள்ளேயே பழுத்துச் சாகும், திரும்ப எடுக்க முடியாது. செலோடேப், பசை, ஸ்டேப்ளர் எதுவும் படக்கூடாது. துருப்பிடித்த ஊசி, கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றி எடுங்கள். நனைந்த கொப்பியை வெயிலில் விரிக்காமல் நிழலில், காற்றில், இடையிடையே வெள்ளைத் துணியோ மை ஒட்டாத வெறுந்தாளோ வைத்து உலர்த்துங்கள். கட்டுகள் எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். ஒரு கதையின் பின்னால் கடைக்கணக்கு எழுதியிருந்தால் அந்தக் கணக்கும் சரித்திரம். எந்த மாதத்தில் அரிசி என்ன விலைக்கு விற்றது, அந்த மாதத்தில் அவர் என்ன எழுதினார் என்று ஒருவர் பிறகு சேர்த்துப் படிப்பார்.

முக்கியமானது இது: மூலத் தாள்கள் அந்தக் காம்பராவுக்குள் இருக்கவே கூடாது. நுவரெலியாப் பக்கத்து மூட்டம் அறைக்குள் வந்து உட்காரும் ஊர் உங்களுடையது. காற்றின் ஈரம் அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். உங்கள் ஊரில் மழை மாதங்களில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். வேர்ட்ஸ்வர்த்தின் கையெழுத்துப் பிரதிகளும் அவர் வீட்டுக்குள் இல்லை, பக்கத்தில் தனிக் கட்டடத்தில் பாதுகாக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு பல்கலைக்கழக நூலகத்திலோ தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ ஒப்படைக்கலாம். ஒப்படைப்பதற்கு முன் எல்லாவற்றையும் மின்வடிவில் எடுத்துவிட வேண்டும். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தாரிடம் கேளுங்கள், மலையக ஆவணங்கள் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய உண்டு. காம்பராவில் நல்ல பிரதிகளை வையுங்கள், பிரதி என்று எழுதியும் வையுங்கள்.

குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் அச்சிடக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து எழுபது வருடம் வரை உரிமை வாரிசுகளுக்கு இருக்கிறது. தாளைக் கொடுத்தார்கள் என்பதால் அச்சிடும் உரிமையையும் கொடுத்துவிட்டார்கள் என்று ஆகாது. இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். அவருடைய துணைவியார் உயிரோடு இருந்தால் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும், மூத்த மகனுடையது பிறகு வரட்டும்.

வாய்மொழிக்கு ஒரு கைப்பேசி போதும். அவரோடு ஒரே மலையில் வேலை செய்தவர்கள், பக்கத்துக் காம்பராக்காரர்கள், அவரிடம் கடிதம் எழுதிக் கேட்க வந்தவர்கள். தோட்டத்தில் எழுதத் தெரிந்தவருக்குப் பாதி நேரம் மற்றவர்களின் கடிதம் எழுதுவதிலேயே போயிருக்கும். மனு எழுதியிருப்பார், இந்தியாவிலுள்ள அண்ணனுக்குக் கடிதம், தொழிற்சங்கத்துக்கு முறைப்பாடு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் எழுதியிருப்பார். அதுவும் அவர் எழுத்துத்தான். காமன் கூத்தில் பாடினாரா, தப்படித்தாரா, தொழிற்சாலைக் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் படைக்கும்போது யார் பக்கத்தில் நின்றார் என்று கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் பேசுபவரின் பெயர், ஊர், திகதி, வெளியிடச் சம்மதம் நான்கையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பெரியவரைப் பிடிக்காதவர்களிடமும் கேளுங்கள். தொழிற்சங்கச் சண்டை இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது? அவரைப் பற்றிய குறைகளும் பதிவில் இருந்தால்தான் அவர் உயிருள்ள மனிதராக நிற்பார். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த மாதமே போங்கள், மற்றவர்கள் பொறுப்பார்கள்.

இப்போதுதான் கட்டடம். உடைக்கும் வேலை தொடங்குவதற்கு முன் லயம் முழுவதையும் அளந்து படம் எடுங்கள். நீங்கள் காக்கப் போவது ஒரு காம்பரா என்றாலும் அது ஒரு வரிசையின் நடுவில் இருந்தது. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்துக் காம்பராவின் இருமலும் சண்டையும் தாலாட்டும் இவருடைய காதில் விழுந்தபடிதான் இவர் எழுதியிருப்பார். ஒரு தனி அறையாக வெட்டி நிறுத்திவிட்டால் அந்த உண்மை போய்விடும். முடிந்தால் இரண்டு பக்கத்துக் காம்பராக்களையும் சேர்த்து மூன்றாகக் கேளுங்கள். நடுவிலிருப்பது அவருடையது, ஒரு பக்கம் வாசிகசாலை, மறு பக்கத்தில் பதிவு செய்த குரல்கள் ஒலிக்கட்டும்.

அதற்கு முன் மண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றி எழுத்தில் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆட்களோடு புதைந்ததை யாரும் மறக்கவில்லை. அவர்கள் அபாய இடம் என்று சொன்னால் காம்பராவை அங்கே காப்பாற்ற முயலாதீர்கள். பாடசாலை நாள்தோறும் பிள்ளைகளைக் கூட்டிவரப் போகும் இடம் அது. அப்படியானால் கதவு, ஜன்னல், அடுப்புக்கல், கூரைத் தகரத்தை இலக்கமிட்டுக் கழற்றி, பாடசாலை வளவில் அதே அளவில் திரும்பக் கட்டுங்கள். இடம் மாற்றிக் கட்டியது என்று பலகையில் எழுதிவிட்டால் அதில் எந்தப் பொய்யும் இல்லை.

அங்கேயே நிற்கலாம் என்றால் முதல் வேலை கான். மழைத்தண்ணீர் சுவரடியில் நிற்காமல் ஓட வேண்டும். இரண்டாவது கூரை. ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றலாம், ஆனால் தகரத்துக்குத் தகரமே போடுங்கள், அஸ்பெஸ்டோஸ் வேண்டாம். மழை பேய்ந்தால் பேச்சுக் கேட்காது என்பது அந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. மூன்றாவது, சுவரில் சீமெந்து பூசவே விடாதீர்கள். கருங்கல்லும் சேறுமாகக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உப்பி விழும். எங்கெல்லாம் பழைய கட்டடத்தைத் 'திருத்தி' இரண்டு வருசத்தில் கெடுத்தார்களோ அங்கெல்லாம் பெரும்பாலும் காரணம் இதுவே. அடுப்படியின் கரியை வெள்ளை அடித்து மறைக்க வேண்டாம். எத்தனை வருசத்து விறகுப் புகை அது! புகை பிடித்த மரத்தைப் பூச்சி எளிதில் அரிக்காது. ஆள் விட்டுப் போன வீடு சீக்கிரம் கெடுவதற்கு அடுப்பு எரியாததும் ஒரு காரணம். வாரத்தில் ஒரு நாளாவது அந்த அடுப்பை மூட்டுங்கள், வருபவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

பொருள் ஒன்றும் இல்லையே என்று கேட்டீர்கள். தயவு செய்து கொழும்பில் பழைய தட்டச்சு இயந்திரம் வாங்கி வைக்காதீர்கள். மூக்குக் கண்ணாடியும் பேனாவும் கடையில் வாங்கி மேசையில் பரப்புவதும் வேண்டாம். அவரிடம் மேசையே இருந்திருக்காது என்றால் மேசை இல்லாமலேயே காட்டுங்கள். அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார்? இஸ்தோப்புத் திண்ணையிலா, தகரப் பெட்டிமேல் கொப்பியை வைத்தா, குப்பி விளக்கடியிலா, பிள்ளைகள் தூங்கிய பிறகா, பெரட்டுக்கு முன்பா? வீட்டாரைக் கேட்டு அதை மட்டும் சரியாக அமைத்துவிட்டால் போதும். வெறுமையாகக் கிடக்கும் அறையும் பார்ப்பவருக்கு எதையோ சொல்லும். தோட்டத்தில் இன்னும் கிடைக்கும் கூடை, படங்கு, கம்பளி, கவ்வாத்துக் கத்தி, பழைய செக்ரோல் (வேலைநாள் பதிவு) தாள் இவற்றைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடுத்தவர் பெயரும், 'பெரியவருடையது' அல்லது 'அதே காலத்தது' என்ற குறிப்பும் தவறாமல் இருக்கட்டும்.

காலி மாவட்டத்துக் கொக்கலைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மார்ட்டின் விக்ரமசிங்கவின் வீட்டை அவர் பெயரிலான பொறுப்பாண்மை மன்றம் பராமரிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளத்துக்காக அந்த ஊரை எடுத்துக்கொண்டபோதும் தப்பிய வீடு அது. அதே வளவில் கிராமத்து மக்கள் பாவித்த கருவிகள், பாத்திரங்கள், வண்டிகள் கொண்ட நாட்டார் நூதனசாலை ஒன்றும் இருக்கிறது. பலரும் போவது அதற்காக, போன இடத்தில் எழுத்தாளரையும் அறிந்து வருகிறார்கள். எழுத்தாளரையும் அவர் எழுதிய மக்களையும் ஒரே வளவில் வைத்த அந்த யோசனை மலையகத்துக்கு அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம்: அவர்களுக்கு மரம் செடியோடு பெரிய வளவு உண்டு, உங்களுக்கு இருப்பது ஒரு வாசல். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே விளக்கப் படங்களையும் காலவரிசையையும் இஸ்தோப்புச் சுவரில் மாட்டுங்கள், காத்திருப்பவர்கள் அங்கே வாசிக்கட்டும். உள்ளே எழுத்துப் பலகையே வேண்டாம்.

பலகைகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகளை முதல் மாதத்திலேயே அழையுங்கள். லயத்தின் உள்பக்கத்தை அவர்களில் பலர் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

குழு அமைக்கும்போது ஐந்து பேர் போதும். குடும்பத்தில் ஒருவர், பாடசாலையில் ஒருவர், கோயில் கமிட்டியில் ஒருவர், கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒருவர், வெளியிலிருந்து ஆவணம் தெரிந்த ஒருவர். தொழிற்சங்கத் தலைவர்களைத் திறப்பு விழாவுக்கு அழையுங்கள், எல்லாச் சங்கத்தையும் அழையுங்கள், ஆனால் திறப்புச் சாவியை எந்தச் சங்கத்திடமும் கொடுக்காதீர்கள். ஒரு தேர்தலோடு இரண்டு கட்சியாகி, பூட்டு மேல் பூட்டுப் போட்ட வாசிகசாலைகளைப் பார்த்திருக்கிறேன். பிரதேச செயலகத்தில் குழுவைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் வையுங்கள். சாவி பாடசாலையில் இருக்கட்டும். அதிபர் மாறினாலும் பாடசாலை எங்கும் போகாது.

உடைப்பதற்குத் திகதி குறித்துவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. குறித்திருந்தால் நாளைக்கே இரண்டு வேலை: அந்தக் காம்பராவைக் கடைசியாக உடைக்கும்படி கேட்டுத் தோட்டத்துக்கும் கம்பனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், வீட்டாரிடமிருக்கும் தாள்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றித் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது. மற்றவற்றுக்கு அவகாசம் இருக்கிறது. கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள், வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.